சிப்ரோ, லிவோ மாத்திரைகள்: கவுண்டரில் என்ன சொல்லிக் கொடுக்கணும்?

செக்காலை_கடை

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிற பிள்ளைகளுக்காக ஒரே பக்கத்தில் தமிழ்க் குறிப்பு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘ஃப்ளாக்சசின்’ என்று முடிகிற ஆன்டிபயாடிக் (கிருமிக்கொல்லி) மாத்திரைகள் மட்டும்: சிப்ரோ, ஆஃப்ளாக்ஸ், நார்ஃப்ளாக்ஸ், லிவோ, மாக்சி. பெட்டிக்குள் மடித்து வைத்த தாள் பொடி எழுத்து ஆங்கிலம். வாங்குகிறவர் அதைப் பிரிப்பதே இல்லை. வாயால் சொல்வதுதான் வீடு போய்ச் சேரும், அதனால் சொல்வது சரியாக இருக்கணும்.

திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை:

1. பால், மோர், ஜெலுசில், சத்து மாத்திரை: எதற்கு எத்தனை மணி நேரம் இடைவெளி? பெரியவர்கள் வெற்றிலையும் போடுவார்கள்.

2. “சிப்ரோ கேக்கல, லிவோ குடுங்க, அது பவர் ஜாஸ்தி” என்கிறார்கள். உண்மையில் அது பவர் ஜாஸ்தியா?

3. விடால் (டைபாய்டுக்கான ரத்த டெஸ்ட்) சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு டைபாய்டுக்கு சிப்ரோ கேட்டு இன்னும் ஆள் வருகிறது. ஏன் கேட்பதில்லை என்று புரியும்படி எப்படிச் சொல்வது?

4. அறுபதைத் தாண்டியவர், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்: இவர்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது என்ன?

கோட்டையூர்_மருந்தாளுநர்

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் நீளும். ‘கேக்கல’ என்று திரும்பி வருகிறவர்களில் ஒரு பங்கு ஆட்களுக்கு மருந்து குடலைத் தாண்டி ரத்தத்துக்கே போயிருக்காது.

இந்த மூலக்கூறின் ஒரு ஓரத்தில் இரண்டு ஆக்சிஜன் பக்கம் பக்கமாக நிற்கும். நண்டுக் கொடுக்கு மாதிரி. கால்சியம், மக்னீசியம், அலுமினியம், இரும்பு, துத்தநாகம் எது கிட்டே வந்தாலும் கவ்விக்கொள்ளும். கவ்விய பிறகு கரையாது, குடல் உறிஞ்சாது, மலத்தோடு போய்விடும். வேடிக்கை என்னவென்றால், கிருமிக்குள் மருந்து வேலை செய்வதும் இதே கொடுக்கால்தான். ஒரு மக்னீசிய அயனியைப் பாலமாக வைத்துத்தான் கிருமியின் நொதியைப் பிடிக்கிறது. ஆகவே கொடுக்கை வெட்டிவிட்டு மருந்து செய்யவும் முடியாது.

எவ்வளவு போகும் என்றால்: அலுமினியமும் மக்னீசியமும் உள்ள அமிலக்குறைப்பு மருந்தை (ஜெலுசில், டைஜீன் வகை) சிப்ரோவோடு சேர்த்துக் குடித்தால் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வீண். 500 மி.கி. போட்டவருக்கு 100கூடக் கிடைக்காது. இரும்பு மாத்திரையோடு போட்டால் பாதி அளவு வீண். தனியாக ஒரு டம்ளர் பாலிலோ தயிரிலோ விழுங்கினால் மூன்றில் ஒரு பங்கு வீண். பால் விஷயம் கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் கிருமி பாதி எதிர்ப்போடு நிற்கும்போது அந்த மூன்றில் ஒரு பங்குதான் குணமாவதையும் ஆகாததையும் தீர்மானிக்கும்.

இடைவெளி மருந்துக்கு மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் ‘ரெண்டு மணி நேரம்’ என்று சொல்லிவிடாதீர்கள், தம்பி.

சிப்ரோ: அமிலக்குறைப்பு, கால்சியம், இரும்பு, ஜிங்க் எடுப்பதற்கு 2 மணி நேரம் முன்பு, அல்லது எடுத்து 6 மணி நேரம் கழித்து.
லிவோ, ஆஃப்ளாக்ஸ்: முன்னும் பின்னும் 2 மணி நேரம்.
மாக்சி: 4 மணி நேரம் முன்பு, அல்லது 8 மணி நேரம் கழித்து.
நார்ஃப்ளாக்ஸ்: மேலே சொன்னவற்றுக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம். அதோடு இதை வெறும் வயிற்றில் போடணும். சாப்பாட்டுக்கோ பாலுக்கோ 1 மணி நேரம் முன்பு, இல்லையென்றால் 2 மணி நேரம் கழித்து.

சிப்ரோவில் முன்பு 2, பின்பு 6 என்று ஏன் மாறுகிறது? மாத்திரை முதலில் போனால் 2 மணி நேரத்தில் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும், பிறகு வருகிற உலோகத்துக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. உலோகம் முதலில் போயிருந்தால் அது குடலில் வெகுநேரம் கிடக்கும்.

நம் பக்கத்துச் சாப்பாட்டில் பார்த்தால்: இட்லி, சாம்பாரோடு சிப்ரோ போடலாம். மத்தியானச் சாப்பாட்டின் கடைசியில் ஒரு கை மோர்சோறு இருந்தாலும் பெரிய கேடில்லை. பாலோ தயிரோ ஒரு முழுச் சாப்பாட்டின் பகுதியாக வருவதை அனுமதிக்கிறார்கள். தனிப் பால், பால் காபி, கெட்டித் தயிர், பால் பணியாரம் மட்டும் வைத்துக் காலை ஆகாரம், மோர் ஊற்றிக் கரைத்த கேப்பைக்கூழ்: இவற்றோடுதான் வேண்டாம். கேப்பையில் 100 கிராமுக்கு 300 மி.கி.க்கு மேல் கால்சியம். அதில் மோரும் சேர்ந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லிவோ, மாக்சி, ஆஃப்ளாக்ஸ் மூன்றையும் பால் பெரிதாகத் தொடுவதில்லை. அவற்றுக்குப் பகை மாத்திரையாக வருகிற உலோகம்தான்.

வெற்றிலை: சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. தடவுகிற அளவு கொஞ்சம்தான், ஆனால் சாப்பிட்டு மாத்திரையைப் போட்ட கையோடு வெற்றிலைச் செல்லத்தை இழுத்து, ஒரு நாளில் பத்து முறை மெல்லுகிறவர் உண்டு. மாத்திரைக்குப் பிறகு 2 மணி நேரம் விட்டுப் போடச் சொல்லுங்கள். விட்டுவிடச் சொன்னால் மாத்திரையைத்தான் விடுவார்கள்.

யாரும் கேட்காத சில:

வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட் சிரப்பில் அலுமினியம் இருக்கிறது. பலர் அதை அமிலக்குறைப்பு மருந்தாக நினைப்பதில்லை. பான்டோப்ரசோல், ஒமிப்ரசோலுக்கு இந்தச் சிக்கல் இல்லை, கூடப் போடலாம்.

பேதிக்கு ஓஆர்எஸ்ஸோடு ஜிங்க் மாத்திரையும் எழுதுவார்கள். ஓஆர்எஸ்ஸில் சோடியமும் பொட்டாசியமும்தான், கவலையில்லை. இடைவெளி ஜிங்குக்குத்தான்.

முதுகுவலிக்கு டிசானிடின் கலந்த மாத்திரை எடுப்பவருக்கு சிப்ரோ கூடவே கூடாது. இங்கே இடைவெளி விட்டாலும் பயனில்லை. டிசானிடினை உடைக்கிற கல்லீரல் நொதியை சிப்ரோ அடைத்துவிடும்; ரத்த அழுத்தம் படாரென்று விழும், ஆள் மயங்குவார். அசெக்ளோஃபெனாக்கோடு சேர்ந்த கூட்டு மாத்திரைகளில் டிசானிடின் ஒளிந்திருக்கும், அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அதே நொதிதான் தியோஃபிலினையும் காபியிலுள்ள கஃபைனையும் உடைக்கிறது. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவருக்கு வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகலாம். நாளைக்கு நாலு காபி குடிக்கிறவர் ‘ராத்திரி தூக்கமே இல்ல’ என்பார். லிவோவுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஒரு வேளை மறந்தால்: சிப்ரோ என்றால், அடுத்த வேளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் உடனே போடலாம். அதற்குள் என்றால் விட்டுவிட்டு அடுத்ததை நேரத்துக்குப் போடணும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

கண்டனூர்_லேப்

டைபாய்டு பற்றி.

முதலில் விடால். அது காட்டுவது கிருமியை இல்லை, கிருமிக்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்பொருளை. பழைய காய்ச்சல், தடுப்பூசி, வேறு கிருமி எல்லாவற்றுக்கும் அது ஏறும். முதல் வாரத்தில் உண்மையான டைபாய்டிலும் ஏறாமல் இருக்கும். ஒரே ஒரு விடால் சீட்டை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்ட முடியாது. வேண்டியது ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை லேப்பில் வளர்த்துப் பார்ப்பது: பெரியவருக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம், முதல் வேளை ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பு. ‘ரெண்டு நாள் சிப்ரோ போட்டுப் பாத்தேன், கேக்கல, இப்ப டெஸ்ட் எடுங்க’ என்று வந்தால் கல்ச்சரில் ஒன்றும் முளைக்காமல் போக நல்ல வாய்ப்பு.

இனி, சிப்ரோ ஏன் கேட்பதில்லை. பாக்டீரியாவின் டிஎன்ஏ முறுக்கேறிய கயிறு. அது பிரிந்து நகலெடுக்கும்போது முறுக்கை வெட்டி, தளர்த்தி, ஒட்டுகிற நொதி டிஎன்ஏ கைரேஸ். வெட்டிய நிலையிலேயே நொதியை இந்த மருந்து பூட்டிவிடும், ஒட்ட விடாது. டிஎன்ஏ துண்டு துண்டாகிக் கிருமி சாகும். கைரேஸின் 83-ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் மாறினால் மருந்தின் பிடி தளரும். அந்த ஒரே மாற்றத்தில் இதே குடும்பத்துப் பழைய மருந்தான நாலிடிக்சிக் அமிலம் முழுக்கத் தோற்கும். சிப்ரோ உடனே தோற்காது, ஆனால் கிருமியை நிறுத்தத் தேவையான அளவு பல மடங்கு ஏறிவிடும். 87-ஆவது இடமும், டோபோஐசோமரேஸ் 4 என்ற இன்னொரு நொதியும் மாறினால் சிப்ரோவும் முழுக்கப் படுத்துவிடும்.

நடுவில் நிற்கும் அந்த ‘பாதி எதிர்ப்பு’தான் வருடக்கணக்கில் எல்லாரையும் ஏமாற்றியது. கிருமியை நிறுத்தத் தேவையான அந்த அளவு லிட்டருக்கு 1 மி.கி. வரை இருந்தால் பழைய அளவுகோலில் ‘கேட்கும்’, அதாவது ‘எஸ்’ என்று எழுதினார்கள். சீட்டில் ‘எஸ்’, நோயாளிக்கோ பத்து நாளாகியும் காய்ச்சல் விடாது. 2012-இல் அமெரிக்கத் தர அமைப்பான சிஎல்எஸ்ஐ, டைபாய்டுக் கிருமி சேர்ந்த சால்மொனெல்லா வகைக்குத் தனி அளவுகோல் வைத்தது: 0.06 வரை கேட்கும், 0.12 முதல் 0.5 வரை இடைநிலை, 1-ம் அதற்கு மேலும் எதிர்ப்பு. கிருமி வளர்க்கும் தட்டில் வைக்கிற 5 மைக்ரோகிராம் சிப்ரோ வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 31 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ‘எஸ்’. 24 மி.மீ. வட்டத்தைத் தட்டில் பார்த்தால் கண்ணுக்கு எவ்வளவோ பெரிதாக, நன்றாகக் கேட்பது போலத்தான் தெரியும். 2012-க்கு முன் அதை ‘எஸ்’ என்றே எழுதியிருப்பார்கள். இன்று அது இடைநிலை. பழைய அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் லேப் இன்னும் தப்பாக எழுத வழியுண்டு. சந்தேகம் வந்தால் பெஃப்ளாக்சசின் 5 மைக்ரோகிராம் வில்லை வைத்துப் பாருங்கள்: 24 மி.மீ.க்குக் குறைந்தால் சிப்ரோவை மறந்துவிடலாம்.

இந்தியாவில் கிடைக்கிற டைபாய்டுக் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை இப்போது இடைநிலை அல்லது எதிர்ப்பு. அதனால்தான் டாக்டர்கள் அசித்ரோமைசின், செஃபிக்சிம், படுக்கையில் இருப்பவருக்கு செஃப்ட்ரியாக்சோன் என்று போய்விட்டார்கள். கவுண்டரில் இப்படிச் சொல்லலாம்: “இந்த ஊர்க் கிருமி இந்த மருந்தைப் பழகிப்போச்சு. மருந்து பழசில்ல, கிருமி புதுசு.” இன்னொன்றும் சொல்லுங்கள், சரியான மருந்து போட்டாலும் டைபாய்டுக் காய்ச்சல் விட 3 முதல் 5 நாள் ஆகும். இரண்டாம் நாளே மருந்தை மாற்றக் கேட்டு வருகிறவர்கள் அதிகம்.

நீர்க்கடுப்பும் கிட்டத்தட்ட இதே கதைதான். சிறுநீரில் அதிகம் கிடைப்பது ஈ.கோலை; நம் நாட்டு லேப்களில் அதில் பாதிக்கும் மேல் சிப்ரோவுக்கு எதிர்ப்பு. கல்ச்சருக்கு நடுச் சிறுநீர் வேண்டும்: முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு, நிற்காமல் போகும்போதே டப்பாவைப் பிடித்து, கடைசியையும் விட்டுவிடணும். 2 மணி நேரத்துக்குள் லேப்புக்கு வரணும். பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கொண்டு வருவதானால் ஐஸ் வைத்து. சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் பையில் கிடந்த சிறுநீரில் இல்லாத கிருமியெல்லாம் லட்சக்கணக்கில் முளைக்கும்.

வளவு

தம்பி, இரண்டாம், நாலாம் கேள்விகளுக்கு ஒரு மருத்துவராக.

‘பவர்’ என்று ஒரே ஏணி கிடையாது. எந்தக் கிருமி, எந்த இடம் என்பதுதான். ஆஃப்ளாக்சசினில் கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு வடிவம் கலந்திருக்கும். வேலை செய்கிற வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்தால் அதுதான் லிவோ. ஆஃப்ளாக்ஸிலிருந்து லிவோவுக்கு மாறுவது புது மருந்துக்கு மாறுவதாகாது. சூடோமோனாஸ் என்கிற முரட்டுக் கிருமிக்கு இந்தக் குடும்பத்தில் சிப்ரோதான் முன்னால் நிற்கும். நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸுக்கு அதே சிப்ரோ பலமில்லாதது, அங்கே லிவோவும் மாக்சியும். ஆனால் மாக்சி சிறுநீரில் போதிய அளவு சேராது. நீர்க்கடுப்புக்கு அதைக் கொடுத்தால் காசுதான் போகும். ஒரு கிருமி சிப்ரோவுக்கு முழு எதிர்ப்பு என்றால், அதே நொதியைப் பிடிக்கிற லிவோவுக்கும் பெரும்பாலும் எதிர்ப்பாகத்தான் இருக்கும். சிப்ரோ கேட்காத நீர்க்கடுப்புக்கு லிவோ கேட்பது ஏறிய படியிலேயே மறுபடி ஏறுவது.

சிறுநீர்ப்பையோடு நிற்கிற சாதாரணக் கடுப்புக்கு இந்தக் குடும்பமே முதல் தேர்வு இல்லை. நைட்ரோஃபுரான்டோயின் மெதுவாக வெளிவரும் வகை 100 மி.கி. இரண்டு வேளை 5 நாள், அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி ஒரே வேளை. காய்ச்சல், குளிர், விலாவில் வலி இருந்தால் அது சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. அங்கே இவை இரண்டும் போதாது, அப்படிப்பட்டவரைக் கவுண்டரில் நிறுத்தாமல் டாக்டரிடம் அனுப்பணும்.

இருமலுக்கு லிவோ கொடுப்பதுதான் எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் சளிப் பரிசோதனை. லிவோவும் மாக்சியும் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் கொல்லும். ஒரு வாரம் போட்டால் இருமல் தணியும், பசி எடுக்கும், ஆள் தேறினது போல இருக்கும். சளியில் கிருமி எண்ணிக்கை இறங்கி டெஸ்ட் தப்பும். பிறகு அது திரும்பி வரும்போது, பல மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு வைத்திருக்கிற மருந்துக்கே பழகிய கிருமியாக வரும்.

இனி வயதானவர்கள்.

தசைநாண். நம் ஊரில் ‘குதிகால் நரம்பு’ என்பார்கள். இந்த மருந்து தசைநாணின் கொலாஜன் நாரைப் பலவீனமாக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008-இல் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. 60 வயதுக்கு மேல், ஸ்டீராய்டு எடுப்பவர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்: இவர்களுக்கு ஆபத்து கூடுதல். சில மணி நேரத்திலும் வரலாம், மருந்தை முடித்துச் சில மாதம் கழித்தும் வரலாம். குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் வலி, வீக்கம், படி இறங்கும்போது சுருக்கென்று இழுப்பு என்றால் அடுத்த மாத்திரை வேண்டாம், அன்றே டாக்டரிடம் போகணும். நம் பழக்கத்தில் முதலில் செய்வது எண்ணெய் போட்டு உருவிவிடுவது; அது கூடாது, பலவீனமான நார் அறுந்துவிடும். அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசியும் கூடாது.

சர்க்கரை. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை திடீரென்று இறங்கும். கணையத்திலிருந்து இன்சுலினை இதுவும் தள்ளிவிடும். வேர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, குழறல். காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போடுகிறவருக்கு ராத்திரியில் நடக்கும். 2018-இல் எஃப்டிஏ இதற்கென்றே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. இந்தக் குடும்பத்தில் கேட்டிஃப்ளாக்சசின் சர்க்கரையை இரண்டு பக்கமும் ஆட்டிவைத்ததால் 2011-இல் இந்தியாவில் அதன் மாத்திரைக்கும் ஊசிக்கும் தடை வந்தது. இன்று சொட்டு மருந்தாக மட்டும் கிடைக்கிறது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தம் மேலும் நீர்த்துப்போகும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைவதை அளக்கிற டெஸ்ட்) பார்க்கணும். இதயத் துடிப்பின் லயம் பிசகுவது மாக்சியில் அதிகம், சிப்ரோவில் குறைவு. வாந்திக்கு ஆன்டன்செட்ரான், காய்ச்சலுக்கு அசித்ரோ என்று மூன்றும் ஒரே சீட்டில் இருந்தால் டாக்டரை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மகாதமனி வீக்கம் இருப்பவர், தசைப் பலவீனம் தரும் மயஸ்தீனியா நோயுள்ளவர், முன்பு வலிப்பு வந்தவர், கர்ப்பிணி: இவர்கள் சொன்னால் பில் போடாதீர்கள், சீட்டு எழுதியவரிடம் பேசுங்கள்.

சிறுநீரகம் பழுதானவருக்கு லிவோ அளவு குறையும். 750 தினமும் என்பது, வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 20 முதல் 49 மி.லி.யாக இருந்தால், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆகிவிடும். மாக்சிக்கு அளவு மாறாது.

செக்காலை_கடை

அண்ணே, ஆச்சி, லேப் சார், மூன்று பேருக்கும் நன்றி. இன்னும் மூன்று விஷயம் கேட்கிறேன். “மாத்திரை வேண்டாம், பாட்டில் ஏத்தச் சொல்லுங்க, சீக்கிரம் கேக்கும்” என்பது. காகிதத்தில் மடித்துத் தருகிற ‘காய்ச்சல் செட்டு’. அப்புறம், கண்ணில் உமி விழுந்து சிவந்தால் சிப்ரோ சொட்டு கேட்பது. அறுப்புக் காலத்தில் இது நிறைய.

வளவு

பாட்டில்: லிவோ வாய்வழியாகப் போனாலும் கிட்டத்தட்ட முழுதும் ரத்தத்துக்குப் போய்விடும். 500 மாத்திரையும் 500 பாட்டிலும் ஒன்றே. சிப்ரோ 70 முதல் 80 சதவீதம் போகும், அதனால் 400 பாட்டில், 500 மாத்திரைக்குச் சமம். விழுங்க முடிகிறவருக்கு, வாந்தி இல்லாதவருக்கு, பாட்டிலால் கூடுதல் பலன் இல்லை. ஏற்றினாலும் லிவோ 500-க்குக் குறைந்தது 60 நிமிடம், 750-க்கு 90 நிமிடம், சிப்ரோவுக்கு 60 நிமிடம். ‘பஸ்ஸுக்கு நேரமாச்சு’ என்று சக்கரத்தைத் திறந்துவிட்டால் ரத்த அழுத்தம் விழும்.

செட்டு: பிரித்துப் பாருங்கள். ஒரு பெரிய நீள மாத்திரை, ஒரு வெள்ளை வட்டம், ஒரு பொடி மாத்திரை. நீளமானது ஆன்டிபயாடிக், வட்டம் காய்ச்சல் வலிக்கு, பொடியானது பல நேரம் டெக்சாமெத்தசோன் அல்லது பிரட்னிசோலோன். அந்தப் பொடி மாத்திரைதான் ‘ஒரே நாள்ல எழுந்து உக்காந்துட்டேன்’ என்று சொல்ல வைப்பது. லிவோவும் ஸ்டீராய்டும் ஒரே மடிப்பில் இருந்தால் நான் மேலே சொன்ன குதிகால் ஆபத்தைக் கையால் மடித்துக் கொடுத்தது போல. வட்டம் டைக்ளோஃபெனாக் வகையாக இருந்து வலிப்பு வரலாறும் உள்ளவரானால் அது இன்னொரு சிக்கல். அதற்கும் மேல், இரண்டு நாள் செட்டு என்பது கோர்ஸே இல்லை.

புதுவயல்_கண்

கண்ணை நான் சொல்கிறேன். புதுவயல் அரிசி ஆலைப் பக்கம் உமி, வயலில் நெல் தாள், கருவேல முள். இந்த மூன்றும் கருவிழியில் கீறினால் பாக்டீரியா மட்டும் உள்ளே போவதில்லை. தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணில் ஏறக்குறைய பாதி பூஞ்சை, முக்கியமாக ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ். சிப்ரோ, மாக்சி சொட்டு பூஞ்சையைத் தொடாது. அதற்கு நாடாமைசின் 5 சதவீதம், சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்த்த பிறகு. ஆகவே தாளோ உமியோ பட்டு, வலியும், வெளிச்சம் பார்க்கக் கூசுவதும், கருவிழியில் வெள்ளைப் புள்ளியும் இருந்தால் சொட்டு விற்காதீர்கள். அன்றைக்கே கண் டாக்டர்.

அதைவிட மோசம் ‘டி’, ‘டெக்ஸ்’ என்று பெயரில் ஒட்டு உள்ள கூட்டுச் சொட்டு. மாக்சியோடு டெக்சாமெத்தசோன். சிவப்பு ஒரே நாளில் போகும், வலி குறையும், அடியில் பூஞ்சை ஆழமாக இறங்கும். சாதாரண மாக்சி கேட்டவருக்கு ‘இது இருக்கு, அதேதான்’ என்று கூட்டுச் சொட்டை மாற்றிக் கொடுப்பது அதேதான் இல்லை.

பாக்டீரியாப் புண்தான் என்று டாக்டர் உறுதி செய்து சிப்ரோ 0.3 சதவீதம் எழுதினால் அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள்: முதல் 6 மணி நேரம் 15 நிமிடத்துக்கு 2 சொட்டு, அன்றைய மீதி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, மறுநாள் மணிக்கு ஒருமுறை, மூன்றாம் நாளிலிருந்து 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. இதை ‘மூணு வேளை’ என்று மாற்றிச் சொல்லிவிடும் கடைகள் உண்டு. சில நாளில் கருவிழி மேல் வெள்ளைப் பொடி படியும். அது மருந்தே உறைந்தது. புண் பெரிதாகிவிட்டதென்று நிறுத்திவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு வகைச் சொட்டு என்றால் நடுவில் 5 நிமிடம். திறந்த பாட்டில் ஒரு மாதத்துக்குப் பிறகு குப்பைக்கு.

கோட்டையூர்_மருந்தாளுநர்

கடைக்காரர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். லிவோவும் மாக்சியும் மருந்து விற்பனை விதிகளின் அட்டவணை எச்1-இல் வருகின்றன, 2014 மார்ச் 1 முதல். தனிப் பதிவேட்டில் எழுதியவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை. 3 வருடம் வைத்திருக்கணும். மாக்சி கண் சொட்டும் அதில் அடங்கும். சிப்ரோ, ஆஃப்ளாக்ஸ், நார்ஃப்ளாக்ஸ் எச்1 பட்டியலில் இல்லை, சாதாரண எச்-இல்தான். அதனால் ‘சிப்ரோவுக்குச் சீட்டு வேண்டாம்’ என்று பலர் நினைக்கிறார்கள். எச் என்றாலும் சீட்டு வேண்டும், எச்1-க்கு வைக்கிற அந்தத் தனிப் பதிவேடுதான் வேண்டாம்.

செக்காலை_கடை

சிப்ரோ அட்டையோடு பின் அடித்துக் கொடுக்க ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்:

“காலை 8, இரவு 8. வெறும் தண்ணீரில் முழுசாக விழுங்கவும். பால், காபி, தயிரோடு வேண்டாம். ஜெலுசில், சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரைக்கு 2 மணி நேரம் இடைவெளி. குதிகாலில் வலி வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கவும். சர்க்கரை மாத்திரை எடுப்பவர் சாப்பிடாமல் இருக்க வேண்டாம். முதுகுவலி மாத்திரை எடுப்பதைச் சொல்லவும்.”

கோட்டையூர்_மருந்தாளுநர்

ஒரு இடம் தப்பு. ‘2 மணி நேரம் இடைவெளி’ என்றால் ஆறரைக்கு ஜெலுசில் குடித்துவிட்டு எட்டரைக்கு சிப்ரோ போடுவார்கள். ‘சிப்ரோ போட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் ஜெலுசில். ஜெலுசில் முதலில் குடித்துவிட்டால் 6 மணி நேரம் கழித்துத்தான் சிப்ரோ’ என்று பிரித்து எழுதுங்கள். சத்து மாத்திரையை மத்தியானம் 12 மணிக்கு என்று நேரம் போட்டே எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் சரியாக வரும்.

வளவு

‘தண்ணீர் நிறையக் குடிக்கவும்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள், தம்பி. அப்புறம் ‘முதுகுவலி மாத்திரை’ என்று பொதுவாக எழுதாமல் டிசானிடின் என்று பெயரைத் தமிழில் பெரிதாக அச்சடி. மூட்டுவலிக்கு, கழுத்துவலிக்கு என்று வாங்கினவர்கள் ‘நமக்கு முதுகுவலி இல்லையே’ என்று சொல்லாமல் போய்விடுவார்கள்.